முப்பது செக்கன்

பகலில் சீனக்குடா மாவாலை வாசலில்
லொறி நிறுக்கிறேன்.
சுமையோடு ஒருதரம், வெறுமையாய் ஒருதரம்.
கழித்தால் கோதுமை.
இரவில் டொக்யாட் வீதி மாடியில்
நேரம் பிடிக்கச் சொல்லி
ரட்ணவேல் என்னைக் கூப்பிட்டதற்கு
இதைவிட வேறு தகுதி எனக்கில்லை.

கேட்டது முஸ்பிர்தான்.
"போன வருசம் அந்த மனுசன் ஒரு பந்துக்கு
நாலு நிமிசம் எடுத்தது அக்கா.
நான் கதிரையில இருந்து காய்ஞ்சு போனன்.
கை குளிர்ந்தாப் பிறகு என்னத்த அடிக்கிற?"

அந்த மனுசன் லீனஸ்.
துறைமுகத்தில் இழுவைப்படகு.
தானியக் கப்பலொன்றை ஜெட்டியில் அணைக்க
ஒரு காலைப்பொழுது வேணும் என்று
பழகிப்போன உடம்பு.
மேசையை இரண்டு சுற்றுச் சுற்றுவார்.
கியூ நுனிக்குச் சோக் தேய்ப்பார்.
குனிவார். நிமிர்வார்.
பச்சைத் துணியில் இல்லாத தூசை ஊதுவார்.
திரும்பக் குனிவார்.
கூட்டத்தில் யாராவது கொட்டாவி விட்டால்
அதற்கும் ஒரு சுற்று.

வேணுமென்று செய்கிறார் என்றார்கள்.
இருக்கலாம்.
லொறியைத்தான் நிறுக்கிறேன்,
டிரைவரின் மனதை அல்ல.

ஆக, மணிக்கூடு வந்தது,
கொழும்பிலிருந்து, இரவு பஸ்ஸில்,
சிவப்பு இலக்கங்களோடு.
முப்பது செக்கன். பத்து மிச்சமிருக்க ஒரு சத்தம்.
ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரேயொருமுறை
இன்னொரு முப்பது கேட்கலாம்.
தாண்டினால் பிழை,
வெள்ளைப் பந்து எதிராளி கையில்.

இறுதிப் போட்டி. மழை.
ஆறுக்கு ஆறு.
அன்றிரவு முழுக்க லீனஸ்
மூன்று மிச்சமிருக்க, இரண்டு மிச்சமிருக்க
அடித்துக்கொண்டிருந்தார்,
கப்பலுக்கும் ஜெட்டிக்கும் நடுவே
டயர் தொங்கும் அகலம் மட்டும் விட்டு.

கடைசி ஆட்டத்தில் எட்டைத் தவறவிட்டார்.
முஸ்பிர் எழும்பினான்.
எட்டை ஆறு செக்கனில் போட்டான்.
ஒன்பதும் வெள்ளையும் மூலைக்குழியும்
நூல் பிடித்தமாதிரி,
ஒன்றரை முழத்துக்குள்.

நான் அழுத்தினேன். முப்பது.

குனிந்தான்.
நிமிர்ந்தான்.
அடிக்காமல் அவன் நிமிர்ந்ததை
நான் அதுவரை கண்டதில்லை.
சோக்கைத் தேடினான்,
சோக் கையிலேயே இருந்தது.
மணிக்கூட்டைப் பார்த்தான்.
பந்துக்கு வைத்திருந்த கண்ணை
சிவப்பு இலக்கத்துக்குக் கொடுத்தால்
அது திருப்பித் தராது.
பத்து. சத்தம்.
"இன்னொண்டு" என்றான்,
தொண்டை வேறு யாருடையதோ.

தகரத்தில் மழை.
வாய்க்கருகே கொண்டுபோன சோடாப் போத்தலை
ஒருவர் அங்கேயே மறந்துவிட்டார்.
முஸ்பிரின் கியூ முன்னும் பின்னும் போகிறது,
முன்னும் பின்னும்,
போய்ச் சேரவில்லை.
நாலு. மூன்று.
ரட்ணவேல் என்னைப் பார்த்தார்.
என் விரல் பொத்தானில்.
ஒரு செக்கனைக் களவாய்க் கொடுக்க
அதற்குத் தெரியும்.
தராசில் ஒரு கிலோகூடக் கள்ளம் பண்ணாத
பன்னிரண்டு வருசமும் அதற்குத் தெரியும்.

"நேரம்" என்றேன்.

லீனஸ் எழும்பி
வெள்ளையைக் கையில் எடுத்தார்.
எங்கே வைத்தாலும் விழும்.
ஆனாலும் மேசையை ஒரு சுற்று.
சோக்.
முஸ்பிர் கதிரையில் இருந்து
தன் உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்தான்.
குனிந்தார். நிமிர்ந்தார். இல்லாத தூசு.
ஒரு செக்கன் மிச்சமிருக்க
ஒன்பது விழுந்தது.
கொஞ்சம் பிந்தித்தான் கைதட்டினார்கள்.

கீழே, மழை விட்ட வீதியின் நடுவில்
ஒரு புள்ளிமான்
நனைந்த சொப்பின் பையை முகர்ந்தபடி.
அதன் முன்னால் முஸ்பிரின் ஓட்டோ,
எஞ்சினை நிற்பாட்டி, விளக்கையும் அணைத்து.
அவன் ஹோர்ன் அடிக்கவில்லை.
என் கைப்பைக்குள் அணைக்க மறந்த மணிக்கூடு
பத்தில் ஒருதரம் கத்தியது.
மான் ஒரு காதை மட்டும் திருப்பியது.
நகரவில்லை.