ஒற்றை விசில்

படிவத்தில் பெயர் கிடையாது. எண் பதினேழு.
ஆண், அறுபத்தொன்று, வலது முழங்கால்.
ஓரத்தில் யாரோ பென்சிலில்
'ரிட்டயர்டு பஸ் கண்டக்டர்' என்றெழுதி
அழிக்க மறந்திருந்தார்கள்.

ராயப்பேட்டையில் அறுத்ததும்
ஐஸ் பெட்டியில் தரமணிக்கு வந்தது
இளநீர் வழுக்கைபோல் கொஞ்சம் குருத்தெலும்பு.
மீதியை, பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே
முப்பது வருஷம் நின்றே தேய்த்திருந்தார்.

"நல்லா வந்தா திருப்பித் தருவீங்களா?
இல்ல, டிக்கெட்டுக்குப் பின்னால
பாக்கின்னு எழுதிக் குடுங்க" என்றாராம்
கையெழுத்துப் போடும்போது.
நர்ஸ் சொல்லிச் சிரித்தாள்.

இரவெல்லாம் நொதியில் கரைத்து, வடிகட்டி
தட்டைப் பிளாஸ்டிக்கில் பரப்பினேன்.
உள்ளே முப்பத்தேழு டிகிரி.
வெளியே கத்திரி, நாற்பத்தொன்று.

முதல் வளர்ச்சிக் காரணி.
ஒரு சிமிழ் என் இரண்டு மாத வாடகை.
பெருகின. அப்படிப் பெருகின!
ஐந்தாம் நாள் லென்ஸில்
உருண்டையாய் இருந்தவை நீண்டு, கூர்த்து
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு
காலை ஒன்பது மணி ஃபுட்போர்டு.
வந்த வேலை மறந்து
வேறு யாருடைய நாரையோ பின்னிக்கொண்டிருந்தன.

இரண்டு விசில் என்றால் போ.
ஒரு விசில் என்றால் நில்.
நான் இரண்டையே ஊதிக்கொண்டிருக்கிறேன்.

கடற்பாசிக் கூழில் கலந்து
சொட்டுச் சொட்டாய் விட்டதும்
ஜவ்வரிசியாய் இறுகின.
மற்ற காரணி, நானோகிராமில்.
கணக்குத் தப்பினால் வீங்கும், சுண்ணாம்பேறும்,
எலும்பாகப் பார்க்கும்.
பதினான்காம் எண்ணுக்கு அப்படித்தான் ஆயிற்று.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

இரண்டாம் வாரம் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமியது, அவ்வளவுதான்.
கதவைத் திறக்காமல் இன்குபேட்டர் எதிரே
வாட்ச்மேன் யேசுபாதமும் நானும் வியர்த்தோம்.
"உள்ள என்னம்மா, கோழிக்குஞ்சா?"
கண்டக்டர், என்றேன்.
மேற்கொண்டு அவர் கேட்கவில்லை.

இருபத்தொன்றாம் நாள் சாயமேற்றினேன்.
ஊற்றியது நீலம்.
செல்களைச் சுற்றிப் படர்ந்தது
கத்திரிப்பூ ஊதா.
உருண்டு, தள்ளித் தள்ளி,
அதனதன் குழியில் ஒவ்வொன்றும்
சாவகாசமாய்.
முப்பது வருஷம் கழித்து
உட்கார இடம் கிடைத்திருக்கிறது.

அவர் காலில் இப்போது உலோகம்.
இதற்கு அங்கே இடமில்லை.
சிலைடு லேபிளைத் திருப்பி எழுதினேன்:
பாக்கி, ஜவ்வரிசி பன்னிரண்டு.