முக்கால் வகுத்தல் அரை

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்
வாரக் குறிப்பேடு
தலைமையாசிரியர் மேசைக்குப் போயாக வேண்டும்.
ஐந்து கட்டங்கள்:
நாள், பாடம், துணைக்கருவி, கற்றல் விளைவு, நிலுவை.
கடைசிக் கட்டத்தில் எப்போதும்
ஒரு சிறு கோடு போட்டுவிடுவேன்.
இந்த வாரம் பேனா அங்கேயே நிற்கிறது.

திங்களன்று
தாராவி தொண்ணூறடி ரோட்டில்
தண்ணீர் லாரி குறுக்கே நின்றுவிட
ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை.
வந்த பாதிக்குப் பின்னம் நடத்தினேன்.
முக்கால் வகுத்தல் அரை.
பின்னதைத் தலைகீழாக்கு, பெருக்கு,
விடை ஒன்றரை.
சாக்பீஸ் உடையும்படி அடிக்கோடு போட்டேன்.
கடைசி பெஞ்சிலிருந்து இசக்கிராஜ்:
"வகுத்தா கொறையத்தான டீச்சர் செய்யும்?
முக்கா எப்பிடி ஒன்றரை ஆச்சு?"

சொன்னதையே
இன்னொரு முறை உரக்கச் சொன்னேன்.
"சரி டீச்சர்" என்றான்.
அந்தச் சரியை எனக்குத் தெரியும்.
வாடகை கேட்டு வருகிறவரிடம்
நானும் அதைத்தான் சொல்கிறேன்.

செவ்வாய், காந்தம்.
ஆபிதாவின் வாப்பா கடைப் பழைய இரும்பிலிருந்து
கழற்றி வந்த ஸ்பீக்கர் காந்தம்.
தாளின்மேல் இரும்புத்தூள்
பூனை முதுகாய்ச் சிலிர்த்தபோது
முப்பது தலைகள் ஒரே மேசையில்.
அவன் மட்டும்
பித்தளைத் துண்டுபோல் ஒட்டாமல் தள்ளியிருந்து
விரல்களை மடக்கி நீட்டி
எதையோ எண்ணிக்கொண்டிருந்தான்.

புதனன்று மராட்டி வகுப்பில் ஒரே சிரிப்பு.
பாவ் என்றால் கால், பாவுண் என்றால் முக்கால்,
தீட் என்றால் ஒன்றரை என்று
சாவந்த் மேடம் எழுதிப்போட
எஸ்தர் எழுந்து சொன்னாளாம்:
"தமிழ்ல கால் நடக்கும், மராட்டியில கால திங்கலாம்."
அந்தச் சிரிப்பை மேடத்துக்கு மொழிபெயர்க்க
அடுத்த வகுப்பிலிருந்து என்னை அழைத்தார்கள்.
அரை பீரியட் போயிற்று.
இதற்குக் குறிப்பேட்டில் கட்டம் இல்லை.

வியாழனுக்கு 'மழை' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

வெள்ளி, வாரத் தேர்வு.
மூன்றாம் கேள்வி அதே கணக்கு.
இருபத்தாறு தாள்களில்
தலைகீழாக்கிப் பெருக்கி, ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை.
இசக்கிராஜின் தாளில் விடைக்கட்டம் காலி.
ஓரத்தில் பென்சில் படம்:
நாலு நாலாய் இரண்டு வரிசை,
ஒன்றோடொன்று ஒட்டிய எட்டுச் சதுரங்கள்.
அவன் அம்மா சிக்னலோரம் வடாபாவ் போடுகிறாள்,
விடியற்காலை லாடிகளைப் பிரித்து அடுக்குவது
அவன் வேலை.
கீழே எழுதியிருந்தான்:
'லாடிக்கு எட்டு. முக்கா லாடி ஆறு. அர லாடி நாலு.
ஆறுக்குள்ள நாலு ஒரு தடவ போகும்.
மிச்சம் ரெண்டு. அது அர லாடியில பாதி.
எத்தன அர இருக்குன்னுதான் கேக்காங்க,
ஆளுக்கு எவ்வளவு கெடைக்கும்னு இல்ல.
இத மொதல்லயே சொல்லிருக்கலாம்.'

மதிப்பெண் திட்டப்படி
விடைக்கட்டம் காலியென்றால் பூஜ்யம்.
போட்டேன்.

பதினோரு வருடமாக
இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறேன்.
எதற்கு என்று யாரும் கேட்டதில்லை,
நானும்தான்.

இப்போது மணி பதினொன்றே முக்கால்.
பியூன் தத்தா வாசலில் நின்று தொண்டையைச் செருமுகிறார்.
நிலுவைக் கட்டத்தில் எழுதுகிறேன்:
இசக்கிராஜுக்கு இரண்டு மதிப்பெண்.

பக்கத்தைத் திருப்பி, அடுத்த திங்களின்
துணைக்கருவிக் கட்டத்தில்:
லாடி பாவ், ஒன்று.

எட்டு பாவ். முப்பத்தொரு பிள்ளைகள்.
அதை எப்படி வகுப்பதென்று
இன்னும் யோசிக்கவில்லை.