அரை மாத்திரை

முட்டை என்றுதான் நினைத்தேன்.
கையில் எடுத்தால் ரப்பர் மாதிரி வளைந்தது.
பிளேடால் கீறினேன்:
வெங்காயம்போல் தோல்தோலாக மஞ்சள் சீழ்,
நடுவில் துளி கரு.
இதைச் சுமந்துகொண்டா
குப்பைமேட்டில் மற்றதுகளோடு சண்டை போட்டாய், சிலேட்டு?

ஒத்தக்கடையிலிருந்து தல்லாகுளம்.
ஒயர்கூடையில் துண்டு போர்த்தியிருந்தவளுக்கு
டிக்கெட் கேட்டார் கண்டக்டர்.
"சண்டைச் சேவலா?"
"பெட்டைங்க. உடம்புக்கு முடியல."
பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மாட்டாஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால்
மூன்று ஆடு,
வயிறு நிறையப் பாலிதீனோடு ஒரு பசு.
டாக்டர் நஸீமா அடிவயிற்றை அமுக்கினார்.
தண்ணீர்ப் பாக்கெட்டாகத் தளும்பியது.
"கருக்குழாய்ல சீழ். திரும்பத் திரும்ப வரும்.
தீராது. தள்ளிப்போடலாம்."
பிறகு, பேனாவை மூடாமலே:
"முட்டைக்கா வளர்க்கிறீங்க?"
யோசித்துப் பார்த்ததில்லை.
"சும்மா" என்றேன்.
அதையும் சீட்டில் எழுதிக்கொண்டாற்போல் இருந்தது.

காலையில் அரை மாத்திரை, ராத்திரி அரை.
சோற்றில் பொதிந்து வைத்தால்
சோற்றைத் தின்றுவிட்டு மாத்திரையை ஒதுக்குவாள்,
அரிசியில் கல் பொறுக்குகிறவள் மாதிரி.
ஆகவே அலகைத் திறந்து,
நாக்குக்குப் பின்னால், மூச்சுத்துளை தவிர்த்து.
இந்த விரல்வாகு எனக்கு உண்டு.
மோட்டார் காயில் கட்டுகிறவன்.
ஸ்லாட்டுக்கு அறுபத்துநாலு சுற்று தாமிரக்கம்பி;
ஒன்று பிசகினாலும்
எவனோ ஒருத்தன் கிணற்றுமேட்டில் புகைந்துவிடும்.

வார்னிஷ் கையை மூன்று தடவை கழுவி
பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீர், கொஞ்சம் உப்பு.
முதல் நாள் சட்டையைக் கிழித்தாள்.
மூன்றாம் நாள் கண்ணை மூடினாள்;
கோழிக்குக் கீழிமைதான் மேலேறி மூடும்,
நாற்பத்தெட்டு வயதில்தான் பார்க்கிறேன்.
பின்சிறகில் காய்ந்துபோன வெள்ளையைப்
பழைய பல் பிரஷ்ஷால் ஊறவைத்துத் தேய்த்தேன்.
இதை யாருக்கும் செய்ததில்லை.
என் பிள்ளைகளுக்குக்கூட எல்லாம் ஒச்சம்மாதான்.
அவள் வாசல்படியில் நின்று பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல்
சோப்பை மட்டும் உள்ளே எடுத்துப் போனாள்.

சுவருக்கு அந்தப்பக்கம் வீரணன்:
"அண்ணே, மருந்துக் காசுக்கு நாலு கோழி வாங்கலாம்ல?
ஞாயித்துக்கிழமை அடிச்சிருங்க."
மருந்து ஏறின கறி, திங்கக்கூடாதாம் என்றேன்.
சொன்னதும் ஏனோ பெரிய நிம்மதி.
மாத்திரை நிறுத்தி இரண்டு மாசமாகிறது.
கேட்டால் இன்னும் அதே பதில்தான்.

விடியலில் மோட்டார் வந்த அட்டைப்பெட்டிக்குள் ஏறி
ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள்.
இறங்கிவந்து ஊரைக் கூட்டுவாள், கொக்கரக்கோவென்று.
பெட்டியில் ஒன்றும் இருக்காது.
போய்ப் பார்த்துவிட்டுத்தான் கடை திறக்கிறேன்.

நாற்பது நாள் நன்றாக இருப்பாள்.
திடீரென்று வாத்துநடை. வால் தொங்கும். கொண்டை வெளிறும்.
மறுபடி கூடை, பஸ், அரை மாத்திரை.
கணக்கு நோட்டில்
நரசிங்கம், மூணு ஹெச்.பி., பேரிங் மாத்தணும்;
அதற்குக் கீழே
சிலேட்டு, ஒண்ணே கால் கிலோ. நேத்துக்கு இன்னைக்குப் பரவாயில்ல.

போன வியாழக்கிழமை
அந்த நரசிங்கம் மோட்டாரை அடுப்பிலிருந்து எடுத்தேன்.
வார்னிஷ் கல்லாக இறுகியிருந்தது.
ஏழாவது ஸ்லாட்டில், காயிலோடு காயிலாக,
சாம்பல் நிறத்தில் ஒரு பொடிச் சிறகு.
எத்தனையாவது சுற்றில் ஒட்டிக்கொண்டதோ.

மெக்கர் வைத்துப் பார்த்தேன். முள் சரியாகத்தான் நின்றது.
மூடியைப் போட்டு
நாலு போல்ட்டையும் முடுக்கிக் கொடுத்துவிட்டேன்.
கத்திரித் தோட்டமாம்.
தண்ணீர் நன்றாக எடுக்கிறதென்று
நேற்று போன் பண்ணினார்கள்.