நான்காவது குழாய்

குட்டாயிசியில் மூன்று நாளாக மழை.
முர்த்தாஸின் ஓப்பல் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று
இருமிக்கொண்டிருந்தது.
சிக்னலில் உதறுகிறதாம், மேட்டில் மூச்சு வாங்குகிறதாம்.
பிளக் மாற்றிவிட்டான், காயில் மாற்றிவிட்டான்,
மாற்றாதது பெட்ரோல் போடும் இடம் மட்டும்தான்.

லம்ஸிரா ஒன்றும் சொல்லவில்லை.
நான்கு இன்ஜெக்டர்களையும் உருவித் துணியில் வைத்தாள்.
மூக்கெல்லாம் கரி,
காப்பி தீய்ந்த சட்டியின் அடி.

அதிரும் தொட்டியில் இருபது நிமிடம்.
பிறகு சோதனை மேசை, நான்கு கண்ணாடிக் குழாய், சுவிட்ச்.
ஒன்று குடையாக விரிந்தது.
இரண்டும் மூன்றும் பனிமூட்டம்.
நான்காவது
ஒழுகியது,
சளி பிடித்த பிள்ளை மாதிரி.

"ஜுகாவிடம் லிட்டருக்கு முப்பது தேத்ரி குறைவு,"
என்றான் முர்த்தாஸ், கேட்காத கேள்விக்கு.
ஜுகா அவன் மனைவியின் அண்ணன்.
கொல்லையில் துருப்பிடித்த பீப்பாய் வைத்திருக்கிறான்.
ஞாயிறு விருந்தில் பக்கத்து நாற்காலி.

அவள் நான்காவதை மறுபடி தொட்டியில் போட்டாள்.
இருவரும் மழையைப் பார்த்தார்கள்.
தலைமயிர் நுழையாத துளை.
அதில் போய் ஒரு மைத்துனனே
அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறான்!

இந்த முறை பொடித்தூறல்.

பில்லில் புது ஃபில்டர், ரப்பர் வளையம் எட்டு,
அடியில் பொடி எழுத்தில்: பீப்பாய் வேண்டாம்.
அவன் அதை நான்காக மடித்தான்,
பிறகு எட்டாக.
வீட்டில் காட்டுவதா, கிழிப்பதா என்ற யோசனையில்
வண்டி ஏற்கெனவே ஓடுவது தெரியாமல்
சாவியை இன்னொரு முறை திருகினான்.
கிறீச்.
லம்ஸிரா கண்ணை மூடிக்கொண்டாள்.