பக்கம் முப்பத்தொன்று

அட்டை போய்விட்டது. பெயரும் அதோடு போயிற்று.
செவ்வாய்ப்பேட்டையில் என் வாடகை நூலகத்துக்கு வருகிறவர்கள்
"அந்த ஏற்காட்டுக் கொலை இருக்கா?" என்றுதான் கேட்பார்கள்.
பெரும்பாலும் இருக்காது. யாரிடமாவது இருக்கும்.

காபி எஸ்டேட் பங்களா. ஓயாத மழை.
மலைப்பாதையில் மரம் சாய்ந்து பஸ் நின்றுபோகிறது.
ராத்திரி ஏழு பேர், விடிந்தால் ஆறு பேர்.
மீதியைச் சொல்ல மாட்டேன். தொழில் தர்மம்.

திருப்பித் தருகிறவர் யாரும்
சும்மா தந்துவிட்டுப் போனதில்லை.

கண்டக்டர் மாதேசன்:
"பதினாலாவது வளைவுல மரம் விழுந்தா என்ன சார்,
குறுக்குவழியா நடந்தே ஏறிடலாமே.
இதை எழுதினவன் எங்க பஸ்ல ஏறினதே இல்ல."

நர்ஸ் லூர்தம்மாள் விஷத்தை ஒப்புக்கொள்ளவில்லை.
அத்தனை சுத்தமாக யாரும் சாக மாட்டார்களாம்.
"பெட்ஷீட்டை மாத்தினது யாருன்னு ஒரு வரி இருக்கா?"

பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற வரதராஜுலு
கடைசி அத்தியாயத்து வாக்குமூலம்
கோர்ட்டில் நிற்காது என்றார்,
நின்றபடியே, அரை மணி நேரம்.

கொலுசுப் பட்டறைத் தங்கவேலு
கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பான்.
"முடிவு தெரிஞ்சாத்தாண்ணே
நிம்மதியா பயப்பட முடியும்."

ஜவ்வரிசி ஆலையில் கணக்கெழுதும் தனபாக்கியம்
புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:
"ஏழு பேர் இல்ல சார், எட்டு.
சமையல்காரி பதினோரு தடவை காபி கொண்டு வர்றா, எண்ணினேன்.
நீ எங்கே இருந்தேன்னு
அவளை மட்டும் ஒருத்தரும் கேட்கல.
சந்தேகப்படுறதுக்குக்கூட
ஒரு தகுதி வேணும் போல."

அன்று அவளிடம் வாடகை வாங்க
கை வரவில்லை.

அப்புறம் அந்த ஆடி மாதம்.
முப்பத்தொன்றாம் பக்கத்தில், ஊதா மையில்,
ஒரு பெயருக்கு நேராக அம்புக்குறி:
"இவன்தான் கொன்றது."
உண்மை.
அதுதான் வயிற்றெரிச்சல்.

பிளேடால் சுரண்டினேன்.
சுரண்டிய இடமே விரல் நீட்டிக் காட்டியது.
பதிவேட்டை விரித்தேன். அதுவரை எடுத்தவர்கள் பதினாலு பேர்.
கையெழுத்துகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து
பூதக்கண்ணாடி இல்லாத குறையாய்ப் பார்த்தேன்.
வரதராஜுலுவிடம் பேனா இரவல் கேட்டேன். கறுப்பு மை.
மாதேசன் கண்டக்டர் பென்சில்தான் வைத்திருக்கிறார்.
தங்கவேலுவை ரெண்டு நாள் முறைத்தேன்,
பாவம், பையன் கடைப்பக்கமே வரவில்லை.

மூன்றாம் நாள் முதல் அக்ரகாரத்தில்
ஒரு புட்டி ஊதா மை வாங்கினேன்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.
பக்கம் பத்தொன்பது: இவன்தான் கொன்றது.
நாற்பத்திநாலு: இவள்தான்.
எழுபது, தொண்ணூற்றிரண்டு, நூற்றுமூன்று.
அதே சாய்வு, அதே அம்பு.
ஐந்து பொய்களுக்கு நடுவே அந்த ஒரு உண்மை
ஆள் அடையாளம் தெரியாமல் உட்கார்ந்துகொண்டது.

பேனாவை மூடப் போனவன்
ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் நின்றேன்.
கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வருகிறாள்.
எழுதியவர் அவளுக்குப் பெயர் வைக்கவில்லை.
அம்பை எதன்மேல் போடுவது?
காபித் தட்டின்மேல் போட்டேன்.
"இவளாகவும் இருக்கலாம்."

இப்போது நாவல் முன்னைவிட நன்றாக ஓடுகிறது.
சண்டையும் கூடிவிட்டது.
தனபாக்கியம் மறுபடி எடுத்துப் போனாள்,
ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தாள்,
பழைய பாக்கியையும் சேர்த்துச் சில்லறையாக எண்ணி வைத்தாள்.
"இப்ப கணக்கு சரி" என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை.

லூர்தம்மாள்தான்
என் கட்டைவிரல் நகத்தையே பார்த்தார்,
பிறகு புத்தகத்தை,
பிறகு மறுபடி நகத்தை.
"அடுத்தது ஏதாவது கொலையா குடுங்க" என்று வாங்கிப் போனார்.

முதல் அம்பை எய்தவன் இன்னும் அகப்படவில்லை.
எய்தவளாகவும் இருக்கலாம்.
வாரம் தவறாமல் வந்து
என்னிடம்தான் புத்தகம் எடுத்துப் போகிறார்.
சந்தா பாக்கி எதுவும் இல்லை.