செவ்வாய்க்கிழமை வரை

முதலாளிக்கு இரண்டு லாரி.
ஒன்றை அவளே ஓட்டுகிறாள்.
மற்றதன் சாவி திங்களிலிருந்து
என் சட்டைப்பையில்,
நாற்பத்தாறு வயதில் வாங்கிய உரிமத்தோடு.

பதினெட்டு வருஷம் மாட்டிறைச்சி ஆலையில்
நின்ற இடத்திலேயே நின்றவன்.
இப்போது நெப்ராஸ்கா முழுக்க
என்னை நோக்கி ஓடி வருகிறது
சோளத்தட்டை, தானியக் குதிர், காற்று.
காற்று சும்மா இல்லை,
காலி டிரெய்லரைக் கண்டால்
தோளால் இடிக்கிறது.

ஷையன்னில் ரிவர்ஸ் எடுக்க ஏழு தடவை.
வரிசையில் நின்றவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு
வேடிக்கை பார்த்தார்கள்.
எட்டாவதில் கண்ணாடி போயிற்று.

போனில் சொன்னேன்.
மார்லிஸ் ஹ்ருஸ்கா பேசவில்லை.
அவள் லாரியின் இண்டிகேட்டர் மட்டும்
டிக் டிக்கென்று
எங்கோ அயோவாவில் திரும்பக் காத்திருந்தது.
"வலதா இடதா, ஓஸ்வால்டோ?" என்றாள் கடைசியில்.
வலது.
"வலது ஒன்று ஷெட்டில் கிடக்கிறது."

வெள்ளிக்கிழமை காசோலை.
கையால் எழுதியது,
ஒரு காசு பிடிக்கவில்லை.
நீட்டியவள் விரலை எடுக்காமல் சொன்னாள்:
"செவ்வாய்க்கு முன்னால் வங்கியில் போடாதே."

சரி என்றேன்.
மடித்து உரிமத்தின் பின்னால் செருகினேன்.
டீசல் கார்டில் எவ்வளவு மிச்சம் என்று
கேட்க வாயெடுத்தவன்
டயர்களைத் தட்டிப் பார்க்கப் போனேன்.