இருட்டுக்கு ஒரு பொருள்

மிதிவண்டி பழுதுபார்க்கும் கடைக்கு மேலே
எங்கள் அலுவலகம்.
வரைவதற்கு இரண்டு பேர்,
கணக்கெழுத நான்,
ஒழுகும் இடத்தில் ஒரு வாளி.
வால்டிவியாவில் வாளியும் ஊழியர்தான்,
சம்பளம் மட்டும் கிடையாது.

எதையும் ஒரு குளிர்காலம் நனையவிடாமல்
இஸ்மேனியா நம்பமாட்டாள்.
மொட்டைக் கூரையில் பதினொரு பலகைகள்,
துருவுக்குக் காத்திருக்கும் ஆணிகள்,
ஒவ்வொன்றின் முதுகிலும் தேதி.
வியாபாரிகள் தரும் பளபளப்பு அட்டைகளை
ஆடும் மேசைக்காலுக்கு அண்டை கொடுப்பாள்.
எலியேசர் தட்டிப் பார்ப்பான், முகர்ந்து பார்ப்பான்.
ஒருமுறை செங்கல்லை நக்கினான்;
செலவுப் புத்தகத்தில் அதற்குத் தலைப்பு இல்லை.

ஓதிலியா வந்தது ஆகஸ்டில்,
புருவத்தில் மாவோடு.
சரிவில் ஒரு துண்டு மனை,
நாற்பத்தெட்டு சதுர மீட்டர் வீட்டுக்கு
பதினாறு ஆண்டுச் சேமிப்பு.

மூன்று வாரம் வரைந்தார்கள்.
கிழக்கே ஆளுயர ஜன்னல்,
வடக்கே இன்னொன்று,
இந்த நாட்டில் உச்சி வெயில் வடக்கில்தான் நிற்கும்.
அட்டையில் செய்த மாதிரி வீட்டுக்குள்
எலியேசர் கைவிளக்கை அடித்தான்.
தீப்பெட்டி அளவுப் படுக்கை
பொன்னாய்ப் பற்றி எரிந்தது.

ஓதிலியா குனிந்து பார்த்தாள்.
கொட்டாவி விட்டாள்.
"அழகு.
ஆனால் அந்நேரம்தான் நான் படுப்பேன்.
இரவு பத்துக்கு அடுப்பு,
காலை ஏழுக்குக் கடைசித் தட்டு ரொட்டி.
வெளிச்சம் எனக்கு எதிரி இல்லை, சக ஊழியர்.
வீட்டுக்கும் கூட்டிவர வேண்டாம்."

அவள் போனபின்
வாளி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

பிறகு இஸ்மேனியா கத்தியை எடுத்தாள்.
படுக்கையறையை அறுத்து
வீட்டின் நடுவயிற்றுக்கு நகர்த்தினாள்.
அவளுடைய விடியல் மாலை நாலுக்கு;
அது மேற்கிலிருந்து வரட்டும்,
சமையலறை ஜன்னல் வழியாக,
முதல் தேநீரின் மேல்.

சரி, இருட்டை எதால் கட்டுவது?
கறுப்புச் சாயம் கண்ணை மூடிக்கொள்வதோடு சரி.
துத்தநாகத் தகடு மழை வந்தால் முரசு.
ஒசோர்னோ பக்கத்துப் பண்ணையொன்றில்
நெசவுக்கு ஆகாத முரட்டு ஆட்டுரோமம்,
இருபது மூட்டை, ஏறக்குறைய இலவசம்.
வைக்கோல் பிசைந்த களிமண் ஒரு முழத் தடிமன்.
வெளியே கொய்வே பலகை,
கூரைமேல் இரண்டு குளிர்காலம் தேறிய ஒரே வகை.
எழுதிக்கொண்டேன்:
மண் கொடுத்தவருக்கு ஆப்பிள் கள், இரண்டு புட்டி.
கண்ணாடியில் மிஞ்சிய பணம்
மண்ணில் போனது.

சுவர் உலர நான்கு மாதம்.
இந்த ஊரில் மண் உலர்வதற்காகக் காத்திருப்பதை
வங்கி மேலாளருக்கு மூன்று முறை விளக்கினேன்.
மூன்றாவது முறை
அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்,
மழையை,
பிறகு என்னை.

சாவி கொடுத்த நாள், காலை ஏழே முக்கால்.
சூட்டோடு ஒரு ரொட்டிப் பையை
எங்கள் கையில் திணித்துவிட்டு
ஓதிலியா உள்ளே போனாள்.
ஏதாவது சொல்வாள் என்று நின்றோம்.
தூறல் சாரலாகி
சாரல் அடைமழையானது.
எலியேசர் ரொட்டியைச் சட்டைக்குள் ஒளித்தான்.
இஸ்மேனியா சுவரில் காதை வைத்தாள்.
"குறட்டைகூடக் கேட்கவில்லை"
என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

பேருந்து வருவதற்குள் ரொட்டி தீர்ந்துவிட்டது.
அலுவலகத்தில் வாளி நிறைந்து
என் பழைய ரசீதுகள் மிதந்தன.
ஊற்றிவிட்டு
அதே இடத்தில் வைத்தேன்.
எங்கள் கூரைக்கு
இன்னும் யாரும் வரையவில்லை.